அத்தை கேட்ட பிள்ளை

பிளானோ, டெக்சஸ்
11 பிப்ரவரி 2024

கிறிஸ்துவுக்குள் அன்பான பிரிசில்லாவுக்கு மதினி வயலட் எழுதுவது. இங்கே நானும் உன் செல்வின் அண்ணனும் சுகம். நீங்கள் மூவரும் சுகமா? ஜெமிக்கு வந்த காய்ச்சல் முழுவதும் விட்டதா?

ஜெமிக்கு ஆகஸ்டில் எங்கள் பகுதிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இடம் உண்டு. வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துச் சொன்னது இது. பிள்ளை இந்த ஊரில் பிறந்தவள், குடியுரிமை உள்ளவள், ஆகவே வேறு சிக்கல் இல்லை. அவளுக்கு நான் பொறுப்பு என்று நீங்கள் இருவரும் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போதுமா என்று இரண்டு முறை கேட்டேன். போதாது.

எங்கள் மகன் ஜோயல் படிக்க ஆஸ்டினுக்குப் போனதிலிருந்து அவன் அறை சும்மா கிடக்கிறது. அதை ஜெமிக்கு ஒழித்துக் கொடுப்பேன்.

என் தம்பி ரஞ்சித்தின் ஜெபக் கடிதத்தைச் சபையில் வாசித்தார்கள். போய் ஒரு வருஷத்துக்குள் அந்த ஊர் மொழியிலேயே பிரசங்கம் செய்கிறான் என்று கேட்டு எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உங்கள் ஊழியம் நடக்கட்டும். பிள்ளையும் படிக்க வேண்டுமே. மொழி படித்து முடிக்கும்வரை போனை வாங்கி வைத்துக்கொண்டு, கடிதம் மட்டும்தான் என்று சட்டம் போடுகிற மிஷன், பிள்ளைகள் படிப்புக்கு என்ன சட்டம் வைத்திருக்கிறதோ தெரியவில்லை.

யோசித்து எழுது. கோபப்படாதே.

உன் மதினி,
வயலட்

---

சாம்போகோ, வடக்கு கானா
9 மார்ச் 2024

கிறிஸ்துவுக்குள் அன்பான மதினிக்கு ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். அண்ணன் சுகமா? ஜோயல் சுகமா? அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே குளிர் விட்டதா? வேலைக்களைப்பு எப்படி?

இவ்வளவு விசாரிப்பு எதற்கு என்று பார்க்காதீர்கள். இந்த ஊரில் இது முறை. யாரைப் பார்த்தாலும் குனிந்து நின்று வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, களைப்பு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிய பிறகுதான் விஷயத்துக்கு வரலாம். வந்த புதிதில் நான் எடுத்த எடுப்பில் "தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரப் பெண் லாரிபா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "யாராச்சும் உன்னத் துரத்திட்டு வாராங்களா?" என்றாள்.

லாரிபாதான் என் வாத்தியார். காலையில் அவளோடு கம்பு அரைக்கும் மெஷினுக்குப் போய் வரிசையில் நிற்பேன். அங்கே பெண்கள் பேசுவதைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, சிரிப்புக்கு ஆளாகித்தான் படித்தேன். ஜெமிக்கு வாத்தியாரே தேவைப்படவில்லை. இங்கே பிறந்தவள் மாதிரிப் பேசுகிறாள். காலையில் நான் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கிறேன். இவர் அறையில் உட்கார்ந்து மொழிப் பாடங்களைப் படிக்கிறார். நலம்.

உங்கள் கடிதத்தைப் போல்கா டவுனில் இருக்கும் மிஷன் ஆபீஸில் அச்செடுத்து வண்டியில் கொடுத்துவிட்டார்கள். இதையும் அந்த டிரைவரிடமே கொடுக்கிறேன். படமெடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விசாரிப்பு முடிந்தது. விஷயம் இதுதான்: ஜெமியை அனுப்ப மாட்டேன்.

அன்புடன்,
பிரிசில்லா

---

பிளானோ
2 ஏப்ரல் 2024

பிரிசில்லாவுக்கு ஈஸ்டர் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். அண்ணனுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

"அனுப்ப மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். தம்பியைக் கேட்டாயா? பிள்ளை உனக்கு மட்டும் பிள்ளையா?

ஈஸ்டர் ஆராதனை முடிந்து மளிகை வாங்க இந்தியன் கடைக்குப் போனோம். பார்க்கிங்கில் எங்கள் தெரு அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி நின்றார்கள். "வயலட், உங்க பிரதர் டாட்டர் அங்க ஸ்கூலுக்கே போகலையாமே! ஹோம்ஸ்கூல் பண்றாங்களா, இல்ல ஆடு மேய்க்க விட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நம் சபைக்காரர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். காரில் வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில் உன் அண்ணன், "ஆடு மேய்ச்சா என்ன, தாவீது ராஜாவே மேய்ச்சவருதான்" என்றார். அவருக்கு எல்லாம் வேடிக்கை.

நீயும் தம்பியும் வளர்ந்தவர்கள். வேலையை விட்டீர்கள், வீட்டை விற்றீர்கள், போனீர்கள். உங்களுக்கு அழைப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் அழைப்புக் கொடுத்தது? ஜனவரியில் நான்கு நாள் மலேரியாவில் கிடந்தாளே, அப்போது உன் கம்பு மெஷின் என்ன செய்தது?

கையெழுத்துக்கு மே கடைசி வரை நேரம் இருக்கிறது.

வயலட்

---

சாம்போகோ
27 ஏப்ரல் 2024

மதினிக்கு ஸ்தோத்திரம். வீடு எப்படி? அண்ணன் எப்படி? வெயில் எப்படி? இங்கே எல்லாவற்றுக்கும் பதில், நலம்.

மொழித் தேர்வின் முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. மிஷன் குழுத் தலைவர் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வாசித்தார். நான் தேறிவிட்டேன். இவர் தேறவில்லை. இரண்டாம் முறையும் தேறவில்லை. முதல் முறை தவறியது உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஜெபக் கடிதத்தில் அது வரவில்லை.

ஜெபக் கடிதத்தில் வந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இவர் இந்த மொழியில் பிரசங்கம் செய்வதில்லை. இவர் ஆங்கிலத்தில் பேசுகிறார், பக்கத்தில் பெஞ்சின் மேல் நின்று ஜெமி அதை ஊர் மொழியில் சொல்கிறாள். ஜனங்கள் கேட்பது என் மகளின் குரலை. சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், இவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரு சாவு வீட்டில், பிரசவத்தில் செத்த பெண்ணின் புருஷன் தன் கதையை எல்லாம் அவளிடம் சொல்ல, அவள் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடக்கூடாது என்பது மிஷன் சட்டம். குழுத் தலைவருக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

"இனி அவளக் கூப்பிடாதீங்க" என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். "பாத்துக்கிடலாம்" என்றார்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். நான் ஒன்று கேட்கிறேன். ஜெமிக்கு மலேரியா வந்ததை நான் உங்களுக்கு எழுதவில்லை. ஜெபக் கடிதத்திலும் இல்லை. நான்கு நாள் என்பதுவரை உங்களுக்கு யார் சொன்னது?

பிரிசில்லா

---

பிளானோ
19 மே 2024

அன்புள்ள பிரிசில்லாவுக்கு, சுகம், சுகமறிய ஆவல்.

நீ தேர்வில் தேறியது கேட்டு மிகுந்த சந்தோஷம். சபையில் சொல்லலாமா என்று எழுது. தம்பிக்கு அடுத்த முறை கர்த்தர் கிருபை செய்வார்.

இங்கே இரண்டு வாரம் முன்பு ஆலங்கட்டி மழை. எலுமிச்சம்பழம் அளவு. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கூரை போயிற்று. இன்சூரன்ஸ்காரன் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். பதில் ஜூன் முதல் வாரம் வரும் என்றான். செல்வின் அண்ணன் காரைக் கராஜுக்குள் விடாமல் போட்டுவிட்டு இப்போது என்னிடம் கத்துகிறார்.

சாவு வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோனது தப்பு. நான் அவனிடம் சொல்கிறேன்.

பள்ளியில் இன்னும் இடம் இருக்கிறது. மற்றவை பின்னால்.

வயலட்

---

சாம்போகோ
15 ஜூன் 2024

மதினி,

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. ஆலங்கட்டியைப் பற்றி எழுதினீர்கள். பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. சொன்னது லாரிபா, நேற்றுக் காலை, வெண்ணெய் எடுக்கிற ஷீ மரத்துக் கொட்டை பொறுக்கப் போன இடத்தில்.

கூடையிலிருந்து ஒரு சுரைக்குடுவை எடுத்தாள். வெட்டி உலர்த்தி, விளிம்பில் சூட்டுக்கோலால் கோலம் போட்டது. புதுசு.

"யாருக்கு இது?"

"உன் மகளுக்கு. அத்தை வீட்டுக்குப் போற பிள்ளை வெறுங்கையோடவா போகும்?"

"அவ போறான்னு யாரு சொன்னது?"

"உன் புருஷன்தான். கம்பு விதைச்ச வாரம் அடோங்கோகிட்ட வந்து உக்காந்தாரு. 'நாந்தான் எங்க அக்காவக் கேக்கச் சொன்னேன். அக்காவும் கேட்டாச்சு. மகளக் குடுக்கப் போறேன்'னாரு. நல்ல காரியம்னு சொன்னோம். உனக்குச் சொல்லலையா?"

அடோங்கோ என்பவர் லாரிபாவின் புருஷன், இந்த வீட்டுப் பெரியவர். நான் சொன்னேன், "அவருக்கு இவ்வளவு பேச வராதே."

"அவரு எங்க பேசினாரு?" என்று லாரிபா சிரித்தாள். "உன் மகதான் சொன்னா. பக்கத்துல நின்னு, ஒரு வார்த்தை விடாம. என்ன அழகாச் சொன்னா தெரியுமா!"

மதினி, புரிகிறதா? தன்னைக் கொடுத்துவிடுகிற பேச்சை என் பிள்ளையே நின்று மொழிபெயர்த்திருக்கிறாள். சொல்லிவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "அப்பா சொன்னதத்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்களும் உங்கள் தம்பியும் கலந்து எழுதி அனுப்புங்கள்.

இவரிடம் கேட்டேன். "அவ நல்லதுக்குத்தான்" என்றார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைக் கேளுங்கள். இந்த ஊர் வழக்கப்படி, அண்ணன் தம்பி மகளை அத்தை கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அத்தை வீட்டில்தான் அவள் வளர்வாள். அதற்கு அப்பா சம்மதித்துப் பெரியவர் முன்னால் சொல்லியும் ஆயிற்று. நான் கையெழுத்துப் போடாவிட்டால் ஜெமி அமெரிக்காவுக்கு வர முடியாது, அது சரி. ஆனால் அத்தைக்குச் சேர வேண்டிய பிள்ளையை மறித்தவள் என்று பெயரெடுத்தால், இங்கே ஒரு பெண்ணும் என்னோடு மெஷினில் வரிசை நிற்க மாட்டாள். நான் ஒன்றரை வருஷம் படித்த மொழியைப் பேச ஆள் இருக்காது. இங்கே தாயின் "மாட்டேன்" செல்லாது. கேட்ட அத்தையே "வேண்டாம்" என்று சொன்னால்தான் செல்லும். அடோங்கோவிடம் நானே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எழுதுங்கள்.

பிரிசில்லா

---

பிளானோ
4 ஜூலை 2024

பிரிசில்லா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரி கடைசியில் சந்தை நாளன்று தம்பி போல்கா ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டான். ஜெமியின் காய்ச்சலைச் சொல்லி அழுதான். பிறகு, "அக்கா, நீங்களாக் கேக்குத மாதிரிக் கேளுங்க. நான் சொன்னா அவ ஒத்துக்கிட மாட்டா" என்றான். கேட்டேன். பிறகு நீ திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். காய்ச்சலுக்குப் பயந்து சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். பிள்ளையை வைத்துப் பேச்சு நடத்தினான் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். வாசித்துவிட்டு உன் அண்ணனிடம் கொடுத்தேன். எதையும் வேடிக்கையாக்குகிற மனுஷன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கீழே இருப்பதை அந்தப் பெரியவருக்கு அவர் மொழியில் நீயே சொல். வேறு யாரையும் சொல்ல விடாதே.

"அடோங்கோ பெரியவருக்கு ரஞ்சித்குமாரின் அக்கா வயலட் சொல்வது. உங்கள் வீடும் பிள்ளைகளும் விதைப்பும் நலம்தானா? நான் என் தம்பி மகளைக் கேட்கவில்லை. அவன் கேட்கச் சொல்லிக் கேட்டேன். அது கேட்டதாகாது. பிள்ளை தாயிடம் இருக்கட்டும். எனக்கு வேண்டாம்."

ஜோயல் அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தேன். அது இருக்கட்டும்.

வயலட்

---

சாம்போகோ
20 ஜூலை 2024

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அக்காவுக்கும் அத்தானுக்கும் ரஞ்சித் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நாங்கள் நலமாயிருக்கிறோம். ஊழியம் ஆசீர்வாதமாக நடக்கிறது.

அக்கா, ஏன் சொன்னீர்கள்? பிரிசி இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டில் நான் ஒருவன்தான் தமிழ் பேசுகிறேன். அவர்கள் இருவரும் ஊர் மொழியில் பேசிக்கொள்கிறார்கள், எனக்குப் பாதிதான் புரிகிறது.

நான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் படிக்கிறேன். எல்லா வார்த்தையும் எழுதத் தெரியும். வெளியே போனால், "மகள் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். நான் தடுமாறினால் பொறுமையாகக் காத்திருக்க யாருக்கும் மனமில்லை, அவளைக் கூப்பிட்டு விடுகிறார்கள். அவள் இங்கே இருக்கும்வரை இந்த ஊரில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். அவள் போனால்தான் நான் படிக்க முடியும். அவளுக்கும் நல்ல பள்ளிக்கூடம். இதில் யாருக்கு நஷ்டம்?

செப்டம்பரில் மிஷன் கமிட்டி கூடுகிறது. பிள்ளை மொழிபெயர்த்தது தெரிந்தால் எங்களைத் திருப்பி அழைத்துவிடுவார்கள். சபையில் நான் என்ன சொல்லிக்கொண்டு நிற்பேன்? நீங்கள் பிரிசிக்கு எழுதி, அந்த "வேண்டாம்" என்பதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் ஜெபத்தை நாடும்,
தம்பி ரஞ்சித்

---

பிளானோ
28 ஜூலை 2024

ரஞ்சித்துக்கு,

யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருக்கிறாய். ஏல, எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தகப்பனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அவளைப் பெஞ்சில் ஏற்றியது நீ. அவள் நன்றாகப் பேசினாள் என்பதற்காக அவளை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்ததும் நீ. நடுவில் என்னை வைத்தாய்.

கமிட்டி இங்கே பிளானோவில்தான் கூடுகிறது. நீயே வந்து உன் வாயால் சொல். தமிழிலும் சொல்லலாம், இங்கிலீஷிலும் சொல்லலாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம்.

டிக்கெட் அத்தான் எடுப்பார். ஜோயல் அறை இருக்கிறது.

வயலட்

---

சாம்போகோ
10 ஆகஸ்ட் 2024

அன்பான மதினிக்கு ஸ்தோத்திரம். வீடு எப்படி? கூரை வேலை முடிந்ததா? அண்ணன் எப்படி? களைப்பு எப்படி?

நீங்கள் எழுதித் தந்ததை அடோங்கோவிடம் நானே சொன்னேன். முறையாக எல்லாம் விசாரித்த பிறகு சொன்னேன். லாரிபாவும் மற்றப் பெண்களும் இருந்தார்கள். கேட்டுவிட்டு அவர், "அந்தம்மா நல்ல தைரியசாலி. தம்பிய இத்தனை பேருக்கு முன்னால விட்டுக்குடுக்க யாருக்கு மனசு வரும்?" என்றார். பிள்ளையைக் கொடுப்பதாகச் சொன்ன பேச்சு திரும்பிவிட்டது. பிள்ளை என்னோடு இருக்கலாம்.

நீங்கள் இவரைக் கூப்பிட்டிருப்பதையும் சொன்னேன். "அக்கா கூப்பிட்டா போகத்தான் வேணும்" என்றார் பெரியவர். அதற்கு லாரிபா, "அப்ப குடுவைய அவருக்கே குடுத்துரலாமா?" என்றாள். பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகும் கோபம் குறையவில்லை.

நேற்று இவர் அடோங்கோவிடம் விடைபெறப் போனார். தனியாகவே போனார். குனிந்து, வீடு எப்படி என்று கேட்டார். பிள்ளைகள் எப்படி என்று கேட்டார். அடுத்த கேள்வி வரவில்லை. பெரியவர் காத்திருந்தார். ஜெமி அங்கேதான், கினிக்கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு நின்றாள். இவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக விதைப்பைப் பற்றித் தப்பும் தவறுமாக ஏதோ கேட்டார். பெரியவர் அதற்கும் பதில் சொன்னார். இந்த ஊரில் முதன்முதலாக இவர் ஒரு பேச்சைத் தானே முடித்தது அதுதான்.

மீதி விவரம்: அக்ராவிலிருந்து இவருடைய விமானம் 22ஆம் தேதி. டாலஸில் மறுநாள் மாலை இறங்குவார், டிக்கெட்டைப் பார்த்து எழுதுகிறேன். பிள்ளை மொழிபெயர்த்ததைக் குழுத் தலைவரிடம் நானே சொல்லிவிட்டேன். கமிட்டி கூடுவது செப்டம்பர் 14. புருஷன் இல்லாமல் நானும் பிள்ளையும் இங்கே தங்க அனுமதி உண்டா என்பதை அன்றுதான் முடிவு செய்வார்கள். எழுத்தில் பதில் வர அந்த மாதம் முடிந்துவிடும் என்று குழுத் தலைவர் சொல்கிறார். இவருக்கு மூன்றாம் தேர்வு நவம்பரில். எழுத வருவாரா என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

ஜெமி தன் அப்பாவோடு இன்னும் எந்த மொழியிலும் பேசவில்லை. அதற்கு மட்டும் தேதி யாராலும் சொல்ல முடியவில்லை.

பிரிசில்லா